முன்னோடிகளைப் போற்றும் முறை எது?



முன்னோடி ஒருவரைப் போற்ற விரும்பும் கலைஞர் அவரைப் போலவே செய்து காட்ட வேண்டுமா? இவ்வினாவுக்கு ஜாஸ் இசைக் குறுவட்டு ஒன்று எனக்கு உவப்பான விடையைத் தந்துள்ளது. அமெரிக்க வைப்ராபோன் கலைஞர் கேரி பர்ட்டன் 2001-இல் வெளியிட்ட 'ஃபார் ஹாம்ப், ரெட், பேக்ஸ் அண்ட் கால்' என்பதே அது. லயனல் ஹாம்ப்டன், ரெட் நார்வோ, மில்ட் ஜாக்சன், கால் ஜேடர் ஆகிய நான்கு முன்னோடிகளுக்கு அவர் செலுத்திய இசைவணக்கம். மூத்தோரைச் செல்லப்பெயரால் விளிப்பது நம் காதுக்குச் சற்று உறுத்தும். ஜாஸ் உலகில் அதுவும் மரியாதையே. நால்வருள் ஹாம்ப்டனைப் பற்றி மட்டும் இங்கு எழுதுகிறேன். வெளியீட்டின்போது உயிரோடு இருந்தவர் அவர் ஒருவரே.

வைப்ராபோன் நம்மில் பலர் அறியாத கருவி. கெமெலான் இசையில் உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தூரத்து உறவு எனலாம். அலுமினியப் பட்டைகள் பியானோக் கட்டைகளைப் போல அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் கீழுள்ள குழாய்களின் வாயில் சிறு தகடுகள் மின்விசையால் சுழலும். ஒலி அலையலையாக நடுங்கி வெளிவரும். காலால் மிதியை அழுத்தினால் நாதம் நீளும், விட்டால் அடங்கும்.

ஹாம்ப்டன் 1908-இல் பிறந்தவர். அடிப்படையில் முரசுக் கலைஞர். 1930-இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓரமாகக் கிடந்த வைப்ராபோனைத் தட்டிப் பார்த்தார். அன்று பதிவான 'மெமரீஸ் ஆஃப் யூ' என்னும் பாட்டுடன் அக்கருவி ஜாஸ் இசைக்குள் உரிமையோடு நுழைந்தது. 1936-இல் பென்னி குட்மன் அவரைத் தம் நால்வர் குழுவில் சேர்த்துக்கொண்டார். இரு வெள்ளையர், இரு கறுப்பர். பேஸ்பால் விளையாட்டின் பெருங்கழகங்களில் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்தது 1947-இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இவர்கள் பதினோர் ஆண்டுகள் முன்பே ஒரே மேடையில் மக்கள் முன் நின்றார்கள். ஆகவே ஹாம்ப்டனுக்குச் செலுத்தும் வணக்கத்தை வெறும் பழம்பாட்டு விருந்தாக நான் கருதுவதில்லை.

பர்ட்டன் 1943-இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். ஆறு வயதில் தொடங்கினார். அவர் வளர்ந்த சிற்றூரில் உடன் வாசிக்க ஆள் இல்லை. எனவே கைக்கு ஒரு கோல் போதாமல் கைக்கு இரண்டு பிடித்து, இசைவுச் சுரங்களையும் தாமே நிரப்பிக்கொண்டார். துணையில்லாச் சிறுவனின் அந்த வழியே பின்னர் 'பர்ட்டன் பிடி' என உலகெங்கும் பயிலப்படும் முறையாயிற்று. ஹாம்ப்டன் இரு கோல்களால் முரசடிப்பது போல் வாசித்தார். பியானோவில் கூட இரண்டு விரல்களைக் கோல்களாக்கியே ஓடுவார்! ஹாம்ப்டனுக்கு ஒலியின் நடுக்கம் உயிர்; பர்ட்டனோ பெரும்பாலும் மின்விசையை நிறுத்திவிட்டே வாசிப்பவர். இவ்வளவு வேறுபட்டவர் எப்படி வணங்குவது?

'ஃப்ளையிங் ஹோம்' என்னும் பாட்டைக் கேட்டால் தெரியும். ஹாம்ப்டனின் பெருங்குழு அதை 1942-இல் பதிவு செய்தபோது, இல்லினாய் ஜாக்கெட் என்ற 19 வயது இளைஞர் சாக்சபோனில் கற்பனையாக வாசித்த பகுதி மக்களை மயக்கிவிட்டது. அதன்பின் அவ்விடத்துக்கு வந்த கலைஞர்கள் அதையே சுரம் பிசகாமல் மனனம் செய்து வாசிக்க வேண்டியதாயிற்று. ஒரு கணத்தில் பிறந்த புதுமை, பிறருக்கு ஒப்புவிக்கும் பாடமாகிவிட்டது.

பர்ட்டன் அந்தப் பாட்டைத் தம் குறுவட்டில் எடுத்தாண்டார். ஹாம்ப்டன் வேடம் போடவில்லை. மெட்டு ஹாம்ப்டனுடையது, கை பர்ட்டனுடையது. ஹாம்ப்டன் மேடையில் மூட்டிய தீ இதில் இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. சில இடங்களில் எனக்கு அது குறையாகவே படுகிறது. தெளிவு மிகுந்து வியர்வை குறைந்துவிட்டது. ஆயினும் கடன் வாங்கிய வியர்வையை விட இது நேர்மையானது என்பேன்.

இதை நம்மிடம் ஏன் சொல்கிறேன்? யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டும், முன்மாதிரிக் கட்டுரையை மனனம் செய்யவைக்கும் வழக்கம் நம் வகுப்பறைகளை விட்டு முற்றாக நீங்கவில்லை. மனனம் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. பர்ட்டனும் முன்னோடிகளைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர். ஆனால், நாம் கொடுத்த தொடர்களை அப்படியே திருப்பித் தரும் பிள்ளைக்கு முழுப் புள்ளியும், கோணல்மாணலாகத் தன் தொடரை எழுதும் பிள்ளைக்குச் சிவப்பு மையும் தருவது எனக்கு உடன்பாடில்லை. "சார், நீங்க சொன்ன மாதிரியே எழுதியிருக்கானே?" என்று வாதாட வரும் பெற்றோரிடமும் இதையே சொல்லி வருகிறேன்.

பர்ட்டன் 1971 முதல் 2004 வரை பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பணியாற்றிய ஆசிரியரும் ஆவார். மேடையை விட்டு ஓய்வு பெற்றது 2017-இல். ஹாம்ப்டன் 2002 ஆகஸ்டு 31-இல், 94 வயதில் மறைந்தார். ஐடஹோ பல்கலைக்கழகத்தின் இசைப்பள்ளி 1987 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வாய்ப்புள்ள ஆசிரியர்கள் இசைப் பாடவேளையில் 1942-இன் பதிவை முதலிலும் பர்ட்டனுடையதை அடுத்தும் ஒலிக்கச் செய்யுங்கள். யார், எவர் என்று சொல்லாதீர்கள். எது பிடித்தது, ஏன் என்று மட்டும் கேளுங்கள். என் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இரு அணியாகப் பிரிந்து, ஓய்வு மணி அடித்தும் எழவில்லை.