கொடிகள் பல, கணக்கு 51 சதவீதம்

புது தில்லி: தலைநகரின் ஜந்தர் மந்தரில் தொழிற்சங்கங்கள் கூட்டாக ஆர்ப்பாட்டம் நடத்தும்போது, எந்தெந்தக் கொடிகள் பறக்கின்றன என்பதைவிட எந்தக் கொடி இல்லை என்பதே அரசியல் வட்டாரங்களில் முதலில் கவனிக்கப்படுகிறது.

1923-ல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியபோது ஏற்றியது செங்கொடி. 1928-ல் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்களின் நீண்ட வேலைநிறுத்தத்தை நடத்திய கிர்னி காம்கார் சங்கத்துக்கு மக்கள் சூட்டிய பெயரே 'லால் பாவ்டா', அதாவது செங்கொடி. சிந்திய ரத்தத்தின் அடையாளமாகவும், நாடு, மதம் கடந்த வர்க்க ஒற்றுமையின் அடையாளமாகவும் அந்த நிறம் கருதப்பட்டது.

1920-ல் ஏஐடியுசி தோன்றியபோது ஒரே குடையின் கீழ் இருந்த இயக்கம், பின்னர் கட்சிவாரியாகப் பிரிந்தது. 1947-ல் ஐஎன்டியுசி, 1948-ல் எச்எம்எஸ், 1970-ல் சிஐடியு எனச் சங்கங்கள் உருவாயின. 1955-ல் தத்தோபந்த் தெங்கடி தொடங்கிய பிஎம்எஸ் காவிக் கொடியை ஏற்றது. மே தினத்துக்குப் பதிலாக விஸ்வகர்மா ஜெயந்தியைத் தொழிலாளர் தினமாக்கியது.

இந்த வேறுபாடுகளை மீறி, 2013 பிப்ரவரியில் நடந்த இரண்டு நாள் வேலைநிறுத்தத்தில் காவியும் சிவப்பும் இணைந்து நின்றன. 2015 செப்டம்பர் வேலைநிறுத்தத்திலிருந்து பிஎம்எஸ் விலகியது. 2025 ஜூலை 9-ம் தேதி 10 மத்திய சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தத்திலும் அது பங்கேற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, மற்ற சங்கங்கள் எதிர்க்க, பிஎம்எஸ் வரவேற்றது.

கொடிப் பிரிவினைக்கு இனி விலை அதிகம். ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு பெற்ற சங்கமே நிர்வாகத்துடன் தனித்துப் பேச முடியும் என்கிறது தொழில் உறவுகள் தொகுப்பு. எந்தச் சங்கத்துக்கும் அந்த ஆதரவு இல்லையெனில், 20 சதவீத ஆதரவுள்ள சங்கங்களைக் கொண்டு பேச்சுவார்த்தைக் குழு அமைக்கப்படும். ஆலை வாயிலில் ஐந்து கொடிக் கம்பங்கள் நட்டு, ஐந்தின் கீழும் தொழிலாளர்கள் சிதறி நின்றால், அந்தக் குழுவில்கூட இடம் பெறாமல் சில சங்கங்கள் வெளியே நிற்க நேரிடும்.

அதைவிடக் கவலைக்குரியவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களின் பெயர் பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில்தான் இருக்கிறது. அந்நிலையில் ஆலையின் 51 சதவீதக் கணக்கில் அவர்களுக்கு இடம் கிடைப்பது எளிதல்ல.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. சத்தீஸ்கரின் தல்லி ராஜராவில், பிலாய் உருக்காலைக்கு இரும்புத்தாது வெட்டிய ஒப்பந்தத் தொழிலாளர்கள், நிரந்தரத் தொழிலாளர்களுக்காகவே பேசுகின்றன எனக் கருதி 1977-ல் பெரிய சங்கங்களை உதறினர். சங்கர் குஹா நியோகி தலைமையில் அவர்கள் ஏற்றிய கொடியில் தொழிலாளர்களைக் குறிக்கச் சிவப்பும் விவசாயிகளைக் குறிக்கப் பச்சையும் இருந்தன. 1991-ல் நியோகி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொடி இறங்கவில்லை.

இருக்கும் கொடிகளின் நிழல் தங்கள் மீது விழவில்லை என்று உணர்ந்தவர்கள் புதிய கொடியைத் தைத்துக் கொண்டனர். இன்று மத்திய சங்கங்கள் தங்களுக்குள் நிறத்தை ஒப்பிடுவதை விடுத்து, தங்கள் கொடியின் கீழ் இடமில்லாதவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதே அவசரத் தேவை.