காந்தக் குழாயும் உப்பு நீரும்

தண்ணீர்க் குழாயில் காந்தத்தை மாட்டிவிட்டால் உப்பு நீரும் நிலத்திற்குள் சுலபமாய் இறங்கிப் பயிரைச் செழிக்கச் செய்யும் என்பதாகச் சில வியாபாரிகள் சொல்லி வருகின்றார்கள். கொதிகலனில் உப்புக்கறை படியாதிருப்பதற்கென்று 1945-இல் பெல்ஜியத்தில் பேடண்ட் பெற்ற உபாயம், இன்று வயலுக்கும் வந்திருக்கின்றது. தாயத்துக்கு விஞ்ஞானமென்று பேர் வைத்தால் அது விஞ்ஞானமாகி விடுமா?

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களை எடுத்துக்கொள்வோம். வலைக்கடன் பாக்கியிருக்கையில், கொல்லையிலுள்ள நாலு தென்னங்கன்றுக்காக ஒருவர் இக்காந்தத்தை வாங்குவாரானால் அவருக்கு என்ன லாபம்? அங்குள்ளது மணல். மணலில் தண்ணீர் இறங்க யாருடைய உபகாரமும் வேண்டியதில்லை. இறங்கிய மழைநீர் அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கின்றது; மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறுகின்றது. அந்த உப்பில் ஒரு குன்றிமணி எடையைக்கூடக் காந்தம் எடுக்காது. களிமண்ணிலோ, சோடியத்தால் மண் இறுகி நீர் இறங்காதபோது ஜிப்சம் போட்டு நல்ல நீரால் கழுவுவதே தெரிந்த பரிகாரம்.

பலன் கண்டதாக எழுதிய ஆராய்ச்சிக்காரர் சிலர் உண்டு, காணாதவர்களும் உண்டு. ஆகவே தோழர்களே, காசைக் கொடுக்குமுன் அடியில்லாத இரண்டு தகர டின்களை மண்ணில் பதியுங்கள். ஒன்றில் காந்த நீர் ஒரு படி, மற்றதில் வெறும் நீர் ஒரு படி ஊற்றுங்கள். எதில் எது என்று கடிகாரம் பார்ப்பவருக்குச் சொல்லாதீர்கள். டின்களை இடம் மாற்றிப் பலமுறை செய்யுங்கள். பிறகு இரண்டு நீரையும் சுண்டக் காய்ச்சி, மிஞ்சும் உப்பை நிறுத்துப் பாருங்கள். வியாபாரியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.