பதினான்கு கோடிப் பேருக்கு நான்கு இடம்!

பெரியபாளையம் பக்கத்தில் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகும் ஒரு தோழரின் மகள் எம்.எஸ்ஸி. முடிக்கப் போகிறாள். சென்ற மாதம் என்னிடம் வந்து கேட்டாள்: "மாமா, வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்க கவர்மெண்டே பணம் தருதாமே, நெசமா?" கல்லூரியில் விசாரித்தாளாம். "அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

நிஜம்தான், தோழர்களே! 1954-55லேயே தொடங்கிய திட்டம் அது. தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளம் என்று பெயர். மத்திய சமூக நீதி அமைச்சகம் நடத்துகிறது. முதுகலைப் படிப்புக்கும் ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் சம்பளம், விமானச் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் சர்க்காருடையது. வயது 35க்குள், மதிப்பெண் 60 சதவீதம், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சலுகை நல்ல சலுகை. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நாடு முழுவதற்கும் 125 இடம். தாழ்த்தப்பட்ட சாதியினருக்கு 115, சீர்மரபினர், நாடோடிகளுக்கு 6. நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கும் பரம்பரைக் கைவினைஞர்களுக்கும் சேர்த்து 4! 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி விவசாயக் கூலிகள் மட்டுமே 14 கோடி 43 லட்சம் பேர். நம்மூர் ஷேர் ஆட்டோக்காரர் கூட நான்கு பேரோடு வண்டியை எடுக்க மாட்டார்.

அந்த இடங்களாவது முழுதாகக் கிடைக்கிறதா? 2025ல் 106 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூலையில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் போயிற்று. மீதி 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில்!

பழங்குடியினருக்குத் தனித் திட்டம். 20 இடம், அதில் மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கு 3. நம் ஜில்லாவின் செங்கல் சூளைகளிலும் செங்குன்றம் அரிசி ஆலைகளிலும் உழைத்துத் தேயும் இருளர் குடும்பத்துப் பிள்ளை அந்த மூன்றுக்குப் போட்டியிட முதலில் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதை வாங்கவே தாலுகா ஆபீஸ் படியேறிக் கால் தேய்கிறது.

மனுச் செய்வதே ஒரு செலவு. உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியிருக்க வேண்டும். அது ஆங்கிலப் பரீட்சை கேட்கும். பரீட்சைக் கட்டணம் ஏறக்குறைய 18,000 ரூபாய். 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். ஐம்பத்து மூன்று நாள் கூலியைச் சாப்பிடாமல் சேர்த்தாலும் போதாது. பாஸ்போர்ட்டுக்கு 1,500 தனி. பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் வேறு. அரசு கல்லூரிகளில் வகுப்பெடுக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு அடுத்த வருஷம் தன் வேலையே நிச்சயமில்லை. அவர் யாருக்கு எதைச் சிபாரிசு செய்வார்? அவரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை.

இன்னொரு கொடுமை. இந்தியாவின் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றி ஆராயப் போகிறவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது என்று 2022ல் விதி போட்டார்கள். 1913ல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுன் கொடுத்து அம்பேத்கரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1916ல் அங்கே அவர் படித்த கட்டுரை எதைப் பற்றி? இந்தியாவில் சாதிகளைப் பற்றி! சமஸ்தான மன்னர் போடாத தடையை ஜனநாயக சர்க்கார் போடுகிறது. கூலிக்காரன் பிள்ளை இயந்திரத்தைப் படிக்கலாம், தன் அடிமைத்தனத்தின் வேரைப் படிக்கக் கூடாதாம்!

1960ல் சோவியத் நாடு மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் திறந்தது. மறு ஆண்டு அதற்கு ஆப்பிரிக்க வீரர் லுமும்பாவின் பெயர் வைத்தார்கள். ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் பிள்ளைகளுக்குப் படிப்பு இலவசம், மாதப் பணம், பயணச் செலவும் உண்டு. மனம் இருந்தால் வழி இருந்தது.

நாம் கேட்பது இதுதான். கூலிகளுக்கான 4 இடத்தை 100 ஆக்கு! தேர்வானவர் அனைவருக்கும் முழுப் பணம் கொடு! பரீட்சைக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டு! 2022ன் தடையை நீக்கு! ஒவ்வொரு அரசு கல்லூரியிலும் இதற்கென ஓர் ஆசிரியரை வை!

போனஸுக்கும் கூலி உயர்வுக்கும் மனுப் போடத் தெரிந்த நமக்கு இந்த மனு மட்டும் தெரியாதா? கும்மிடிப்பூண்டி ஆலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர் கிளைகளும் அடுத்த கூட்டத்தில் பட்டப் படிப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதி வாருங்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இல்லாதவர் பெயருக்கு நேரே புள்ளி வையுங்கள். முதலில் தாலுகா ஆபீசுக்குப் போவோம். அந்தப் பெண் சிபாரிசுக் கடிதம் கேட்டு மறுபடி கல்லூரிக்குப் போகும்போது நானும் கூடப் போகிறேன்.