அட்டைப் பெட்டியில் வந்த நோயாளி



இவ்வாண்டுத் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நம் பங்கைச் சேர்ந்த சகோதரச் சிறுவர் இருவர் கோவிலின் பக்கவாயிலில் வந்து நின்றனர். மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது; இளையவனுக்கு ஒன்பது. இளையவன் கையில் காலணி வைக்கும் அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. அதனுள்ளே, பழந்துணியின்மேல், வெண்ணிறக் கினிப்பன்றி ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்புறத்தில் மயிர் பிய்ந்து இரத்தம் உறைந்திருந்தது.

"சாமி, அண்ணனுடைய கறுப்பன் என் வெள்ளையனைக் கடித்துவிட்டது" என்றான் இளையவன். மூத்தவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கினிப்பன்றி என்பது பெயரளவிலேயன்றி, அது பன்றியுமன்று, கினி நாட்டினதுமன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வீட்டிலேயே வளர்த்துவரும், கொறித்துண்ணும் சிறு பிராணி அது. அங்கே அது வளர்ப்புப் பிராணி மட்டுமன்று, விருந்துணவும் ஆகும். பெரு நாட்டின் குஸ்கோ பேராலயத்தில், மார்க்கோஸ் சப்பாட்டா என்னும் ஓவியர் 18-ஆம் நூற்றாண்டில் தீட்டிய இறுதி இராவுணவுப் படமொன்று உண்டு. அதில் நம் ஆண்டவர் முன்னுள்ள தட்டில் கிடப்பது இப்பிராணியே என்று பலரும் கூறுவர். அதே பெரு நாட்டின் லீமா நகரில்தான் புனித மார்ட்டின் தெ போரஸ் (1579–1639) தொமினிக்கன் மடத்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். நாயும் பூனையும் எலியும் ஒரே தட்டில் உண்பதாக அவருடைய படங்களில் கண்டிருப்பீர்கள். இரண்டு ஆண் கினிப்பன்றிகளைச் சிறு கூண்டொன்றில் அடைத்து அவரிடம் ஒப்படைத்திருந்தால், அப்புனிதருங்கூடச் சற்று யோசித்திருப்பார் என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது.

நாம் மருத்துவம் பயின்றவரல்லர். ஆயினும் பங்கில்லத்தில் மருந்துப் பெட்டி ஒன்று வைத்திருப்பவர், எல்லா நோய்க்கும் அதிலே விடை உண்டென்று நம்பத் தொடங்கிவிடுகிறார். காயத்தை வெதுவெதுப்பான உப்புநீரில் கழுவினோம், அது சரியே. அதன்பின், நாம் பல் பிடுங்கிக்கொண்டபோது எஞ்சியிருந்த அமாக்சிசிலின் மாத்திரைகள் சிலவற்றை எடுத்து, நாளைக்கு இருமுறை சிறிது பொடியைச் சர்க்கரை நீரில் கலந்து புகட்டும்படி அச்சிறுவர்களின் தாயாருக்குச் சொல்லி அனுப்பினோம். சாமி கொடுத்த மருந்தாயிற்றே. அந்த அம்மையார் ஒரு வேளையும் தவறவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளையனுக்குக் கழிச்சல் கண்டது, உணவை விட்டது. நான்காம் நாள் மாலை அச்சிறுவர்களின் தந்தை அதனைப் பேருந்தில் எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சென்றார். மருத்துவர் காயத்தைப் பார்த்துவிட்டு, "இது ஆறி வருகிறதே, என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்றுதான் முதலில் வினவினாராம். ஐந்தாம் நாள் விடியுமுன் அது இறந்துபோயிற்று.

மறுநாள் நாமே அம்மருத்துவரிடம் சென்றோம். பெனிசிலின் இனத்து மருந்துகளை, சிறப்பாக வாய்வழியே, கினிப்பன்றிக்குக் கொடுத்தல் ஆகாது. அதன் குடலில் புல்லைச் செரிக்க உதவும் நல்ல நுண்ணுயிர்களை அவை அழித்துவிட, நஞ்சு கக்கும் வேறு கிருமிகள் பெருகிச் சில நாட்களிலேயே உயிரைக் குடித்துவிடும். அமாக்சிசிலினும் ஆம்பிசிலினும் இவ்வினத்தவையே. கினிப்பன்றிக்குப் பொருந்தும் மருந்துகள் வேறு உண்டு. அவற்றைத் தேர்ந்து அளவு சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். இந்தப் பத்தியில் வேறெதை மறந்தாலும் இதனை மறவாதிருக்க வேண்டுகிறோம்.

அம்மருத்துவர் பொறுமையாளர். நம்மை அமரச் செய்து, சண்டைக்குக் காரணத்தையும் விளக்கினார். இரண்டு கினிப்பன்றிகள் ஒன்றையொன்று துரத்துவதும், இடுப்பை அசைத்து உறுமியபடி சுற்றி வருவதும், மேலேறுவதும் யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ளும் முறையாம். அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. பல்லை நறநறவென்று கடித்து, மயிர் சிலிர்த்து நின்றால் அது எச்சரிக்கை. பாய்ந்து உருண்டு இரத்தம் வந்துவிட்டாலோ உடனே பிரித்துவிட வேண்டும். வெறுங்கையை நடுவில் நீட்டலாகாது. தடித்த துண்டையோ முறத்தையோ இடையிலே செருக வேண்டும். நெடுநாள் இணங்கி வாழ்ந்தவை திடீரென்று மோதினால், இரண்டில் ஒன்று நோயுற்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமாம்.

நம் சிறுவர்களின் கூண்டு கிளிக்கூண்டைவிடச் சிறிதே பெரியது. தண்ணீர்ப் புட்டி ஒன்று, உணவுத் தட்டு ஒன்று, ஒளிந்துகொள்ள ஒற்றை வாயிலுடைய பெட்டி ஒன்று. வலியது வாயிலை மறித்துக்கொண்டால் எளியது எங்கே ஓடும்? இரண்டுக்கு ஏழரைச் சதுர அடிக்குக் குறையாத தரை வேண்டும். எல்லாம் இரண்டிரண்டாக வேண்டும். பெட்டிக்கு இரு வாயில்கள் வேண்டும். அருகில் பெண் இருந்தால் ஆண்களின் பூசல் பெருகும்.

கடிபட்டதைப் பராமரிக்கும் முறையும் கேட்டறிந்தோம். காயத்தைச் சுற்றிய மயிரைக் கத்தரித்து, அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் சிறு கரண்டி உப்பிட்டுக் கழுவி, மரத்தூளை நீக்கிச் சுத்தமான துணியில் விடவேண்டும். ஈ மொய்க்காதபடி வீட்டினுள்ளே வைப்பது மிக முக்கியம்; நம் நாட்டு வெப்பத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மேலே ஆறியதுபோல் தோன்றினும் உள்ளே சீழ் கோக்கலாமாதலால், நாள்தோறும் விரலால் தடவிக் கட்டி ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நாமே கீறலாகாது. ஒருநாள் உண்ணாதிருந்தாலே ஆபத்து. நம்மைப் போலவே இப்பிராணியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்க மாட்டாது. அது குறைந்தால் புண் ஆறாது. கொய்யாத் துண்டும் குடைமிளகாயும் கொத்தமல்லித் தழையும் கொடுக்கலாம்.

இவ்வளவும் அறிந்து திரும்பியும், இரண்டு நாட்கள் நாம் அவ்வீட்டுப் பக்கம் செல்லவில்லை. மூன்றாம் ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பில் அச்சகோதரர் இருவரும் வெவ்வேறு பலகைகளில் அமர்ந்திருக்கக் கண்டோம். இளையவன் அண்ணனோடு பேசுவதில்லை. கறுப்பனைக் கொலைகாரன் என்கிறான். அதைப் பூனைக்குப் போடும்படி அழுகிறான் என்று தாயார் கூறினார். அன்று மாலையே சென்றோம். இருவரையும் எதிரே அமர்த்தி, வெள்ளையன் கடியினால் சாகவில்லை, நாம் கொடுத்த மருந்தினால் செத்தது என்று சொன்னோம். தாயார் ஏதோ மறுக்க முற்பட்டார், கையமர்த்தினோம்.

இளையவன் நெடுநேரம் நம்மையே பார்த்தான். "அந்த மாத்திரை இன்னும் வைத்திருக்கிறீர்களா, சாமி?" என்றான். எறிந்துவிட்டோம் என்றோம். "முழுவதுமா?" என்று கேட்டான்.

கறுப்பன் தனித்திருப்பதும் நல்லதன்று. கூட்டமாய் வாழும் இனமாதலால், இதனைத் தனியே வளர்ப்பதைச் சுவிட்சர்லாந்து நாடு 2008-ஆம் ஆண்டு முதல் சட்டத்தினாலேயே தடுத்திருக்கிறது. ஆகவே பால்குடி மறந்த இளம் ஆண் குட்டி ஒன்று வந்திருக்கிறது. நோயேதும் இருந்தால் தெரியட்டும் என்று இரண்டு வாரம் தனியறையில் வைத்தோம். அச்சிறுவர்களின் தந்தை பழைய கதவொன்றை அறுத்துப் பெரிய கூண்டு செய்து நடுவில் கம்பிவலை அடித்திருக்கிறார். இதை எழுதும் இவ்வேளையில், வலைக்கு இருபுறமும் இரண்டும் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு புல் தின்கின்றன.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த சனிக்கிழமை, இரண்டுக்கும் புதிதான கூடத்துத் தரையில் முதன்முதலாகச் சேர்த்து விடுவதென்று தீர்மானம். அண்ணன் புல் கொண்டுவருவான்; தம்பி முறத்தோடு நிற்பான். நம்மையும் தடித்த துண்டு ஒன்று எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். மருந்து எதுவும் கொண்டுவர வேண்டாம் என்பது இளையவனின் கட்டளை.