வீட்டில நில்லுங்கோ எண்டு சொன்னது ஆர்?

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்யும் எங்கள் தோழிக்கு நவம்பர் 2ஆம் திகதி காலையில் முதலாளியிடமிருந்து போன் வந்தது. "பிள்ளை, நீங்க ஒரு ரெண்டு கிழமை வீட்டில நில்லுங்கோ. பிறகு நான் எடுத்துச் சொல்லுறன்." அவ்வளவுதான்.

அவளுடைய மாமா பேலியகொடைக்கு மீன் ஏற்றிப்போகும் கூலர் வாகனத்தில் உதவியாள். பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி வெடித்ததும் பி.எச்.ஐ. வந்து மாமா வீட்டைத் தனிமைப்படுத்தினார். தோழியின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. அந்த வீட்டைத் தனிமைப்படுத்தத் தேவையில்லை என்று அதே பி.எச்.ஐ. சொன்னார். ஆனாலும் அவள் பி.சி.ஆர். எடுத்தாள், தொற்று இல்லை என்று வந்தது. அதை முதலாளிக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பினாள். நீல நிறத்தில் இரண்டு சரி விழுந்தது, பதில் வரவில்லை. தீபாவளி 14ஆம் திகதி. "மீன்காரற்ற ஆள் கடைக்குள்ள நிக்குதாம்" என்று சனம் கதைத்தால் சீசன் வியாபாரம் படுத்துவிடும். முதலாளியின் பயம் எங்களுக்கு விளங்காமல் இல்லை.

18ஆம் திகதி வரை வீட்டில் இருந்தாள். பிறகு கூப்பிட்டார்கள், போனாள். மாதமுடிவில் கவரைத் திறந்தால் 9,200 ரூபாய். அவளுடைய சம்பளம் 16,000. ஞாயிறுகளைக் கழித்தால் அவள் போகாத வேலைநாள் 15. அதில் நாலு நாளை அவளுடைய மிச்ச லீவில் வெட்டி, மீதி 11 நாளையும் 'நோ பே' என்று போட்டிருந்தார்கள். ஆக அவளுக்குச் சம்பளமும் போனது, வருசத்தின் கடைசி லீவும் போனது. இனி டிசம்பரில் அவளுக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தால் அதுவும் 'நோ பே'தான்.

இதைக் கேட்டபோது எங்களில் சிலரே "கொரோனா காலம், எல்லாருக்கும்தானே கஷ்டம்" என்றோம். அந்த வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தோம். எல்லாருக்கும் கஷ்டம் என்றால் கழிவு ஏன் ஒரு ஆளின் கவரில் மட்டும் விழுகிறது?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பி.எச்.ஐ. எழுதிக் கொடுத்து ஒருவர் வீட்டில் இருப்பது வேறு. முதலாளி போன் எடுத்து "வராதே" என்பது வேறு. முதலாவது அரசின் கட்டளை, இரண்டாவது முதலாளியின் தீர்மானம். தோழி வேலைக்கு வரத் தயார், வரமுடியாத உடல்நிலையும் இல்லை, சட்டத்தடையும் இல்லை. அவளைத் தடுத்தது கடைதான். தன் கடையின் பெயரைக் காப்பாற்ற ஒருவர் எடுத்த முடிவின் செலவு எப்படி அவளுடைய கணக்கில் ஏறியது?

லீவு விசயத்தையும் பார்ப்போம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடத்துக்கு 7 நாள் சமயோசித விடுமுறையும் 14 நாள் வருடாந்த விடுமுறையும் தருகிறது. இதில் அந்த 7 நாளும் ஊழியர் தன்னுடைய சொந்த அலுவலுக்கும் சுகவீனத்துக்கும் எடுப்பதற்கு. முதலாளிக்கு ஆள் தேவைப்படாத நாளில் அவர் எடுத்துப் பாவிக்கிற சில்லறைக் காசு இல்லை அது.

இன்னொரு சட்டம் இருக்கிறது, எங்கட பக்கத்தில் அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தும் விசேட ஏற்பாடுகள் சட்டம், 1971இல் 45ஆம் இலக்கம். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். இதில் 'நிறுத்துவது' என்றால் நிரந்தரமாக மட்டும் இல்லை. தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும் அதற்குள் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. "ரெண்டு கிழமை நில்லுங்கோ, சம்பளம் இல்லை" என்பது வேறென்ன?

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை. சராசரியாக 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது. தோழியின் கடையில் 22 பேர் நிற்கிறார்கள். ஈ.பி.எவ். கட்டப்படுவது 9 பேருக்கு. மற்ற 13 பேரும் தையல் ஊசிக்கும் மணிக்கூட்டுக்கும் தெரிவார்கள், திணைக்களத்தின் கடதாசிக்குத் தெரியமாட்டார்கள். அவளும் அந்தப் 13இல் ஒருத்தி. ஈ.பி.எவ். இல்லாமல் வேலைக்கு வைப்பதே சட்டவிரோதம், ஆனால் அந்தச் சட்டவிரோதமே முதலாளிக்கு இன்னொரு சட்டத்திலிருந்து ஒளிக்க இடம் கொடுக்கிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். 2020 மே மாதம் தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் தொழில் அமைச்சும் இருந்து ஒரு முத்தரப்பு உடன்பாட்டுக்கு வந்தன. வேலைக்குக் கூப்பிடமுடியாமல் வீட்டில் இருக்கும் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபாய், எது கூடவோ அது. 2020இல் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 10,000, நிவாரணப்படி 3,500, மொத்தம் 13,500 என்று இருந்த நாட்டில் அது மோசமான தொகை இல்லை. ஆனால் அது உடன்பாடு, சட்டம் இல்லை. அந்த மேசையில் இருந்தவர்களில் ஒருவரும் கஸ்தூரியார் வீதியில் கடை வைத்திருப்பவர் இல்லை, அங்கே நின்று சேலை மடிப்பவரும் இல்லை. சங்கம் இல்லாத இடத்தில் அந்த உடன்பாட்டை ஆர் கொண்டுபோய் ஆருக்குக் காட்டுவது?

தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897இல் வந்தது. பம்பாயில் பிளேக் பரவி, கப்பலைப் பார்த்துப் பயந்த காலம். ஆளை மறிக்கலாம், வீட்டைப் பூட்டலாம், மீறினால் தண்டிக்கலாம். 2020 ஒக்டோபரில் அதே சட்டத்தின் கீழ் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. மாஸ்க் போடாவிட்டால் 10,000 ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை. ஒரே இரவில் வர்த்தமானி அடிக்கத் தெரிந்த அரசுக்கு, "தனிமைப்படுத்தப்பட்டவரின் சம்பளத்தை வெட்டக்கூடாது" என்று ஒரு வரி சேர்க்க மட்டும் மை முடிந்துபோனதா? தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு 10,000 ரூபாய்ப் பெறுமதியான உலர் உணவுப் பொதி கொடுக்கிறோம் என்றார்கள். பொதியால் வீட்டு வாடகை கட்டமுடியாது, லீசிங் கட்டமுடியாது. (பொதி கொடுக்கும்போது எடுக்கும் போட்டோக்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதவேண்டும்.)

மினுவாங்கொடையில் என்ன நடந்தது என்பதை இந்த இடத்தில் நினைக்கவேண்டும். ஆடைத் தொழிற்சாலையில் தொற்று வந்ததும் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பெண்ணைத் தொலைக்காட்சியும் முகநூலும் சேர்ந்து தின்றன. கட்டுநாயக்கப் பக்கத்து போர்டிங்குகளில் இருந்த தொழிலாளர்களை இராணுவம் இரவில் வந்து பஸ்ஸில் ஏற்றியது. "காய்ச்சலோட ஏன் வேலைக்குப் போனாளுகள்?" என்று கேட்காத ஆள் இல்லை. எங்கட வீடுகளிலும் கேட்டார்கள். ஒரு கார்மென்ட் பெண்ணின் சம்பளத் துண்டை வாங்கிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் ஒரு பக்கம். வரவுக் கொடுப்பனவு, டார்கெட் கொடுப்பனவு, ஓ.டி. எல்லாம் இன்னொரு பக்கம். வீட்டுக்கு அனுப்பும் காசு அந்த இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கிறது. ஒன்றிரண்டு நாள் போகாவிட்டால் வரவுக் கொடுப்பனவு உடைந்துவிடும். காய்ச்சலுக்கு ஒரு பனடோல் போட்டுவிட்டு லைனில் போய் நிற்கும்படி அவளுக்குச் சொன்னது அந்தச் சம்பளத் துண்டு.

மலையகத்தில் சம்பளத் துண்டே தேவையில்லை. 2020இல் பேர் போட்டால் 700, போடாவிட்டால் சுழியம் என்று இருந்தது. லயத்தில் ஒரு காம்பராவில் தொற்று வந்தால் பக்கத்துக் காம்பராக்களும் அடைபட்டன, சுவர் ஒன்றுதானே. நவம்பர் 17 வரவுசெலவுத் திட்டத்தில் ஜனவரி முதல் 1,000 ரூபாய் என்று வாசித்தார்கள், கைதட்டினார்கள். அந்த ஆயிரமும் மலைக்குப் போன நாளுக்குத்தான். அடைத்துவைத்த 14 நாளுக்கு ஆயிரத்தை எதால் பெருக்குவது என்று அந்த உரையில் இல்லை.

சின்ன முதலாளி என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்களில் இரண்டு பேரின் வீட்டாரும் கடை வைத்திருப்பவர்கள், ஊரடங்கு மாதங்களில் கடை வாடகைக்கு நகை அடகு வைத்தவர்கள். ஆனால் முதலாளிக்குக் கடன் தவணையை ஒத்திவைத்தார்கள், 4 வீத வட்டிக்கு சௌபாக்கியா கடன் கொடுத்தார்கள். அந்தக் கடன் எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்பதும் தெரியும். கேட்பதற்கு அவருக்கு ஒரு வங்கிக் கதவாவது இருந்தது. அவளுக்கு எந்தக் கதவு? இந்த நாட்டில் வேலையிழப்புக் காப்புறுதி இல்லை. ஈ.பி.எவ். இருந்தாலும் நினைத்த நேரத்தில் எடுக்கமுடியாது. முதலாளிகள் 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் 1981இலிருந்து இருக்கிறது. தனிமைப்படுத்தல் காலச் சம்பளத்தைச் சின்னக் கடைகளுக்கு அங்கிருந்து அல்லது திறைசேரியிலிருந்து திருப்பிக் கொடுக்கலாம். பெரிய கம்பனிகள் தாங்களே கட்டட்டும். தனிமைப்படுத்தலில் இருப்பவருக்கு வருமானம் கிடைக்கவேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு தன் 134ஆம் பரிந்துரையில் 1969இலேயே எழுதிவிட்டது. நாங்கள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

தோழிக்காக உதவித் தொழில் ஆணையாளருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். திகதிகள், பி.சி.ஆர். அறிக்கை, வாட்ஸ்அப் செய்தி, கடையில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கிறது. அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "தைப்பொங்கல் சீசன் முடியட்டும், இப்ப போட்டால் அண்ணை என்னை நிப்பாட்டிப்போடுவார்" என்கிறாள். அவளை நாங்கள் அவசரப்படுத்தப்போவதில்லை. இதே மாதிரி சம்பளம் வெட்டுப்பட்ட வேறு ஆட்கள் அதே வீதியில் இருக்கிறார்கள், இதுவரை நாலு பேருடன் கதைத்திருக்கிறோம். நாலு பேர் சேர்ந்து போட்டால் அவளும் போடுவாளாம்.