டெபாசிட் கட்டியாச்சு சார்!

போன மாசம்தான் மக்களே எங்க தெருவுக்குத் தார் போட்டாங்க. இந்த மாசம் ஒரு கேபிள் காண்டிராக்டர் வந்து நீளத்துக்கு வெட்டி, மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிட்டார். கேட்டா, "பர்மிஷன் இருக்கு, டெபாசிட் கட்டியாச்சு சார்"ங்கிறார். ஏதோ பாவமன்னிப்புச் சீட்டு வாங்கின மாதிரி!

2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த வழி உரிமை விதிகளைப் படிச்சேன் (வேற வேலை இல்லையான்னு கேக்காதீங்க). தொலைத்தொடர்பு கம்பெனி ரோடு வெட்ட மனு போட்டு 60 நாளில் பதில் வரலைன்னா, அனுமதி கொடுத்ததாவே கணக்கு. 2025 ஜனவரி 1 முதல் புது விதி. அதுலயும் கெடு தாண்டினா அதே கதைதான். சரி, 60 நாள் மூடாத குழியை மூடினதா கணக்கு வச்சுக்கலாமா?

சூட்சுமம் மேல இருக்கிற தார்ல இல்லை. மண்ணை அரையடி அரையடியாப் போட்டு, தண்ணி விட்டு, திமிசு போட்டு இறுக்கணும். இவங்க மொத்தமாத் தள்ளி மேல ஒரு பூச்சு பூசுவாங்க. பளபளன்னு இருக்கும். கையெழுத்து விழும், டெபாசிட் வாபஸ் போயிடும். ஐப்பசி மழையில ரோடு உள்வாங்கும்போது பிடிச்சு வைக்க அஞ்சு பைசா இருக்காது. எதிர்வீட்டு அக்கா வண்டியோட விழுந்து மணிக்கட்டு உடைஞ்சது அப்படித்தான்.

ஒரு மழைக்காலம் தாண்டாம டெபாசிட்டைத் திருப்பித் தராதீங்கய்யா! வெட்டுற இடத்துலயே அனுமதி எண், மூட வேண்டிய தேதி, கட்டின தொகை எல்லாம் எழுதி போர்டு வைங்க. தினமும் போட்டோ எடுக்க நானாச்சு.

வாசல்ல மறுபடி ஜேசிபி சத்தம். இருங்க, பார்த்துட்டு வரேன்...