பேனர் அடிக்கும் முன் தமிழைப் படிச்சுப் பாருங்க



பங்குனி உத்திரம் நெருங்குது. பால்குடம், காவடி, அன்னதானம்னு வேலை தலைக்கு மேல இருக்கு. இந்த நேரத்தில் பேனரைப் பற்றி ஒரு பதிவா என்று நினைக்க வேண்டாம். திருவிழாக் காலத்தில் ஏதாவது ஒரு கோயில் வாசலில் உடைந்த தமிழைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். 'வேல்' என்பது இரண்டே எழுத்து. அதிலும் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்தடி நீளத்தில் ஊரே அதைப் படிக்கும்.

உடனே அச்சுக் கடையைத் திட்டுகிறோம். அது நியாயமில்லை என்பது எங்கள் கருத்து. நம்ம நாட்டில் பேனர் அடிக்கிற பல கடைகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லை. கோப்பில் எப்படித் தெரியுதோ அப்படியே அடித்துக் கொடுக்கிறார்கள். தமிழ் சரியா இருக்கான்னு பார்ப்பது கோயிலின் வேலை.

நம் கணினியில் அழகாகத் தெரிந்தது அங்கே ஏன் உடைகிறது? நம்ம எழுத்துரு கடைக் கணினியில் இல்லையென்றால் மென்பொருள் வேறொன்றைப் போட்டுவிடும். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துரு என்றால் தமிழே போய் ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கும். இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான 'கம்போசர்' என்று ஒரு அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் யூனிகோட் தமிழிலும் கொம்பு இடம் மாறும். (முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம்ம மலேசியர். அந்த நாட்டிலேயே இப்படியா!)

வழி சுலபம்தான். திரையில் தமிழ் சரியாக இருக்கும்போதே எழுத்துகளை 'அவுட்லைன்' ஆக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். அதன் பிறகு எந்த எழுத்துருவும் தேவையில்லை. ஆனால் மாற்றிய எழுத்தைத் திருத்த முடியாது. மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாமி படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீங்க. அது படத்தைச் சுருக்கிவிடும். 1600 பிக்சல் அகலமுள்ள படத்தை 10 அடிக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 13 பிக்சல்தான் கிடைக்கும். முருகன் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். ஓரங்களில் இரண்டு அங்குலமாவது காலியாக விடணும், இல்லாட்டி கயிறு கட்டும் ஓட்டை எழுத்து மேலேயே விழும்.

இதையெல்லாம் கெடுப்பது கடைசி நேர அவசரம். இரவு பத்து மணிக்கு ஓர் உபயகாரர் பெயரைச் சேர்க்கச் சொல்கிறோம், காலையில் பேனர் வேண்டும் என்கிறோம். யார் படிச்சுப் பார்ப்பது? வாசகத்தைத் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பே முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் பெயர்களை அறிவிப்புப் பலகையில் எழுதலாம், அதில் ஒரு குறையும் இல்லை. பக்தர்கள் உண்டியலில் போட்ட வெள்ளியில் ஒரே பேனரை இரண்டு முறை அடிப்பதுதான் குறை.

நம் கோயிலுக்கு வரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் எத்தனையோ பேர். கடைக்குப் போகுமுன் ஐந்து நிமிஷம் படிச்சுப் பார்க்க முடிந்தவர்கள், வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது அலுவலகத்தில் பெயர் கொடுங்க.